ஓடாத வண்டிக்கு வேலை

பழைய பெட்ரோலில் பெட்ரோல் வாசனை இருப்பதில்லை. வார்னிஷும் புளிப்பும் கலந்த ஒரு நெடிதான் வரும். ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கும் அந்த ஷெட்டுக்கு எந்தப் பழைய வண்டி வந்தாலும் மேஸ்திரி முதலில் செய்வது டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பது. பானெட்டைத் தூக்குவது அப்புறம், சாவி போடுவது அதற்கும் அப்புறம். நான் போயிருந்தபோது அவர் மூக்கு வைத்தது 1960களில் செய்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஒன்றின் டேங்கில். இரண்டே இருக்கை, மடக்குகிற கூரை, தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும் சிவப்பு வண்டி. டோ வண்டியில் வந்து இறங்கியிருந்தது.

"ரெண்டு மழை பாத்திருக்கு சார் இந்த பெட்ரோலு" என்றார்.

உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பவர், விடுமுறைக்கு வந்திருந்தார். இன்னும் இரண்டு வருடம்கூட ஆகவில்லை என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதற்குள் இரண்டு வடகிழக்குப் பருவமழை வந்து போயிருந்தது. "சும்மா விடல. வாட்ச்மேனை விட்டு வாரம் தவறாம அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கச் சொல்லியிருந்தேன்."

மேஸ்திரி பக்கத்தில் நின்ற பையனைப் பார்த்தார். பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்பேனர் எடுக்கப் போனான். அவர்கள் சிரிப்புக்குக் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

ஓடுகிற வண்டியைப் பழுது பார்ப்பவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். ஓடாமல் நிற்கிற வண்டியைப் பார்த்துக்கொள்வது வேறு தொழில். இங்கிலாந்தில் இதற்கென்று ஒரு பருவமே உண்டு. குளிர்காலத்தில் பனிக்காகச் சாலையில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்பு அடித்தகட்டைத் தின்றுவிடும். அதனால் அக்டோபர் வாக்கில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை உள்ளே தள்ளிவிட்டு வசந்தத்தில்தான் எடுப்பார்கள். சென்னையில் அப்படிப் பஞ்சாங்கம் எதுவும் கிடையாது. உரிமையாளரின் விசாவும் லீவும்தான் பருவத்தை முடிவு செய்கின்றன. வண்டி நிற்கும் மாதங்களில் புழுக்கம், கடற்காற்று, மழை, கத்திரி வெயில் எல்லாம் முறை வைத்து வந்து போகும்.

கவென்ட்ரியில் செய்த ஸ்பிட்ஃபயருக்குச் சென்னையில் மெக்கானிக் கிடைப்பது அதிசயம் போலத் தோன்றலாம். அதிசயம் ஒன்றும் இல்லை. ஸ்பிட்ஃபயரின் அடிச்சட்டம், டிரையம்ஃப் ஹெரால்டின் அடிச்சட்டத்தை வெட்டிக் குட்டையாக்கியது. அந்த ஹெரால்டைத்தான் 1961 முதல் 'ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்' என்ற பெயரில் பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி செய்து விற்றது. இரண்டு வண்டிக்கும் உருவம் வரைந்தவர் இத்தாலியர் ஜொவானி மிக்கெலோட்டி. 1961இல் லேலண்ட் நிறுவனம் ஸ்டாண்டர்ட்-டிரையம்ஃபை வாங்கியபோது, தொழிற்சாலையின் ஒரு மூலையில் தூசித் துணிக்கு அடியில் மறந்துபோய்க் கிடந்த மாதிரி வண்டியைத் துணி விலக்கிப் பார்த்துத்தான் ஸ்பிட்ஃபயரைச் செய்ய உத்தரவு போட்டார்கள் என்பது அந்த வண்டியின் பிறப்புக் கதை. 1962 அக்டோபர் லண்டன் கண்காட்சியில் அறிமுகம். 1980 வரைக்கும் மூன்று லட்சத்துக்கு மேல் செய்தார்கள். சேமிப்பில் கிடந்தே பிறந்த கார் என்று சொல்லிக்கொள்ளலாம்.

மேஸ்திரிக்கு எழுபது தாண்டிவிட்டது. அரை டிராயர் வயதில் மவுண்ட் ரோடு பக்கத்து ஷெட் ஒன்றில் ஹெரால்ட் கழுவச் சேர்ந்தவர். தூதரக வண்டிகளும் அரசாங்க வர்த்தகக் கழகத்தின் வழியாக ஏலத்துக்கு வந்த வெளிநாட்டு வண்டிகளும் பிறகு கைக்கு வந்தன. ஸ்பிட்ஃபயரின் முன்பக்கம் முழுவதையும் ஒரே மூடியாக முன்னால் சாய்த்தபோது, "பாருங்க, அதே ஹெரால்டு. இதுல கார்பரேட்டர் மட்டும் ரெண்டு" என்றார். அவருடைய மகள் ஷெட்டின் கணக்கையும் இங்கிலாந்திலிருந்து உதிரிபாகம் வரவழைக்கும் வேலையையும் பார்க்கிறார். வணிகவியல் படித்தவர். எந்த வண்டிக்கு எந்த எழுத்து போட்ட கார்புரேட்டர் நீடில் என்பது அவருக்கு மனப்பாடம்.

வேலையின் முதல் கட்டம் பழைய பெட்ரோலை எடுப்பது. அந்தக் காலத்தில் ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சுவார்கள். மேஸ்திரியும் அப்படித்தான் செய்திருக்கிறார். அடைத்த ஜெட்டை வாயால் ஊதியிருக்கிறார், கையில் ஒட்டிய கிரீஸைப் பெட்ரோலில் கழுவியிருக்கிறார். அப்போது பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது; நாடு முழுவதும் ஈயம் நின்றது 2000இல்தான். இன்றைய பெட்ரோலில் ஈயம் இல்லாவிட்டாலும் பென்சீன் உண்டு, அது புற்றுநோய்க்கு வழி. ஷெட்டில் இப்போது கைப்பம்ப் இருக்கிறது. பையன் கையுறையும் வைத்திருக்கிறான், பின் பாக்கெட்டில்.

டேங்கிலிருந்து வந்தது தேயிலைச் சாய நிறம். மகள் அதில் கொஞ்சத்தைக் கண்ணாடி ஜாடியில் பிடித்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். அடியில் கலங்கலாக ஒரு தனி அடுக்கு. இதற்குப் பின்னால் இருக்கும் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

பெட்ரோல் ஒற்றைப் பொருள் கிடையாது. லேசில் ஆவியாகிறவை, மெதுவாக ஆவியாகிறவை என்று நூற்றுக்கணக்கான சேர்மங்கள் அதில் இருக்கின்றன. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவுவது லேசான பாகம். நிறுத்தி வைத்தால் முதலில் பறந்து போவதும் அதுதான். மிச்சம் இருப்பது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாகிறது. பழைய வண்டிகளின் டேங்க் மூச்சு விடும். பகல் சூட்டில் உள்ளே இருக்கும் ஆவி வெளியே தள்ளப்படும். ராத்திரி குளிர்ந்ததும் வெளிக்காற்று உள்ளே வரும். சென்னையில் அந்தக் காற்று எவ்வளவு ஈரமானது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில்தான் எத்தனால் வருகிறது. கரும்பு, மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றிலிருந்து எடுக்கும் எத்தனாலை 20 சதவீதம் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாயிற்று. 2030க்கு என்று வைத்திருந்த இலக்கை முன்னால் இழுத்து, 2025க்குள் அநேகமாக எல்லாப் பெட்ரோல் பங்கிலும் அதுவே கிடைக்கும்படி ஆகிவிட்டது. கலக்காத பெட்ரோலையும் விற்க வேண்டும் என்று கேட்ட பொதுநல வழக்கை அந்த ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கொள்கை சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. தினமும் ஓடி, வாரம் ஒருமுறை டேங்க் நிரப்பும் வண்டியையும் வருடக்கணக்கில் நிற்கும் வண்டியையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பது மட்டும் இந்த ஷெட்டில் நின்றால் தெரியும்.

எத்தனால் ஈரத்தை இழுக்கும், ஐப்பசி மாதத்து உப்பு ஜாடி மாதிரி. இழுத்த தண்ணீரை ஓர் அளவு வரை தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். எல்லை தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் போய்த் தங்கும். டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாய் உறிஞ்சுவது அந்த அடியிலிருந்துதான். இரும்புத் தகட்டைத் துருப்பிடிக்க வைப்பதும் அந்த அடுக்குதான்.

இதை மகள் செய்தே காட்டினார். ஒரு அளவுக் குடுவையில் 20 மில்லி தண்ணீர், அதன் மேல் பங்கிலிருந்து அன்று வாங்கி வந்த புதுப் பெட்ரோல் 100 மில்லி. மூடிக் குலுக்கிவிட்டு வைத்தார். தண்ணீர்க் கோடு 40ஐ ஒட்டி ஏறி நின்றது. ஏறிய பாகம் முழுவதும் பெட்ரோலுக்குள் இருந்த எத்தனால். பெட்ரோல் பங்குகளில் சரக்கு வந்ததும் செய்யும் சோதனை இதே வகைதான்.

"இன்னொண்ணு இருக்கு சார்" என்றார் அவர். "100 ஆக்டேன் பெட்ரோல்ல எத்தனால் இல்லன்னு கேள்விப்பட்டு, நல்லதுதானேன்னு அதைக் கொண்டுவந்து பழைய பெட்ரோல் மேலயே ஊத்திடறாங்க. ஈரம் புடிச்ச பெட்ரோல் மேல எத்தனால் இல்லாததை ஊத்தினா எத்தனால் பங்கு குறைஞ்சிடும். அதுவரைக்கும் தாங்கிக்கிட்டிருந்த தண்ணியைத் தாங்க முடியாம கீழ விட்டுடும். செலவும் பண்ணி, கெடுத்தும் வச்சிடுவாங்க." நல்லது செய்யப் போய் வந்து சேரும் இந்த வகைக் கேடுகள்தான் இந்தத் தொழிலின் பெரும்பகுதி என்று அங்கே இருந்த நாட்களில் எனக்குப் பட்டது.

ஸ்பிட்ஃபயரின் பெட்ரோல் பம்ப் எஞ்சின் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்கல் பம்ப். கேம் ஷாஃப்ட் இடிக்க இடிக்க உள்ளே இருக்கும் டயாப்ரம் ஏறி இறங்கிப் பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும். மேஸ்திரி அதைத் தொடுவதற்கு முன் ஆயில் கேஜை உருவி மூக்கருகில் கொண்டுபோனார். பிறகு என்னிடம் நீட்டினார். எஞ்சின் ஆயிலில் பெட்ரோல் நெடி. டயாப்ரம் கிழிந்திருந்தால் பெட்ரோல் நேராக ஆயிலுக்குள் இறங்கிவிடும். ஆயில் நீர்த்துப் போய் பேரிங் தேயும். "லெவல் ஜாஸ்தியாயிருக்குன்னா சந்தோஷப்படக் கூடாது. ஆயில் எங்கயும் குட்டி போடாது" என்றார். பம்ப்பைக் கழற்றிப் பார்த்தபோது டயாப்ரம் விளிம்பு ஊறிப் பிரிந்திருந்தது. பழைய ரப்பரும் கார்க் கேஸ்கட்டும் எத்தனாலில் ஊதும், பிறகு காய்ந்து வெடிக்கும்.

ரப்பர் ஓஸ்களைப் பையன் வளைத்துப் பார்த்தான். வெளியே பார்க்கப் புதிது. உள்சுவரிலிருந்து கறுப்புத் துகள் உதிர்ந்தது. கடையில் 'பெட்ரோல் ஓஸ்' என்று சொல்லிக் கொடுத்ததை நம்பிப் போட்டது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் எல்லாத் தரமும் கிடைக்கும், எல்லாமே ஒரே கறுப்பு. உள்ளே ஃப்ளோரோ ரப்பர் பூசிய, எத்தனாலுக்குத் தாக்குப்பிடிக்கும் ஓஸை மேலே அச்சடித்திருக்கும் குறியீட்டை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். குறியீட்டையே பொய்யாக அச்சடிப்பவர்களும் உண்டு. ஷெட்டில் புது ஓஸ் வந்ததும் ஒரு துண்டு வெட்டிப் பெட்ரோல் பாட்டிலில் போட்டு மூடி, தேதி எழுதி ஜன்னலில் வைத்துவிடுகிறார்கள். ஜன்னல் முழுக்க அப்படிப் பாட்டில்கள். ஒன்றில் ஓஸ் பிசுபிசுத்துக் கரைந்திருந்தது. அந்தக் கடைக்கு அப்புறம் போவதில்லை என்றான் பையன்.

கார்புரேட்டர்கள் இரண்டும் எஸ்.யூ. வகை. இந்தச் சாதனத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. கூம்பு வடிவில் மெல்லச் சிறுக்கும் ஓர் ஊசி, அது இறங்கி ஏறும் ஒரு ஜெட் துளை, ஊசியைத் தூக்கிப் பிடிக்கும் பிஸ்டன். எஞ்சின் எவ்வளவு காற்று கேட்கிறதோ அவ்வளவு பிஸ்டன் ஏறும். ஏறுமளவுக்கு ஊசி மெலிந்து பெட்ரோல் வழி அகலும். எடை, காற்றழுத்தம், ஒரு சுருள், மேலே கொஞ்சம் ஆயில், அவ்வளவுதான். இதைக் கண்டுபிடித்த ஸ்கின்னர் சகோதரர்களின் குடும்பத் தொழில் காலணி வியாபாரம். தொடக்க காலத்துக் கார்புரேட்டரில் பிஸ்டனுக்குப் பதிலாகத் தோல் துருத்தி வைத்திருந்தார்கள் என்று படித்தபோது செருப்புக் கடைக்காரர் வேறென்ன வைப்பார் என்று தோன்றியது.

இரண்டில் ஒரு பிஸ்டன் பாதியில் ஒட்டிக்கொண்டிருந்தது. மிதவைக் கிண்ணத்தைத் திறந்தால் அடியில் பழுப்பு வார்னிஷ் வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக.

அந்த வளையங்களைக் காட்டித்தான் மேஸ்திரி வாட்ச்மேன் விவகாரத்தை விளக்கினார். கிண்ணத்தில் இருக்கும் கொஞ்சம் பெட்ரோல் சென்னை வெயிலில் சில நாட்களில் காய்ந்துவிடும். காய்ந்தால் பிசின் மிஞ்சும். வாரக் கடைசியில் வாட்ச்மேன் வந்து செல்ஃப் அடித்ததும் பம்ப் மறுபடி கிண்ணத்தை நிரப்பும். எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்துவார். மறுபடி காயும். ஒவ்வொரு வாரமும் ஒரு பூச்சு. அதாவது அந்த வாராந்திர அக்கறைதான் வார்னிஷை அடுக்கடுக்காகக் கட்டியிருக்கிறது. அது மட்டுமில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. எஞ்சினும் சைலன்சரும் நன்றாகச் சூடேறினால் அந்த ஆவி வெளியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் எங்கே சூடேறுவது? சைலன்சருக்குள் தண்ணீராகத் தங்கி உள்ளிருந்தே அரிக்கும். சோக் இழுத்து ஓட்டுவதால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயிலில் இறங்கும். செல்ஃப் அடித்துச் செலவான பேட்டரியும் அந்த ஐந்து நிமிடத்தில் ஏறாது.

"ஓட்டணும்னா அரை மணி, முக்கா மணி ரோட்ல ஓட்டணும். இல்லன்னா தொடவே கூடாது. நடுவுல இருக்கறது எல்லாம் வண்டியைக் கொல்றது" என்றார். உரிமையாளர் அப்போது அங்கே இல்லை. இருந்திருந்தால் இவ்வளவு பச்சையாகச் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

டேங்க் வேலைக்குப் புதுப்பேட்டை போனோம். பழைய வண்டிகளை உடைத்து உறுப்பு உறுப்பாக விற்கும் அந்தத் தெருக்களின் நடுவில், ரேடியேட்டருக்கும் டேங்குக்கும் பத்த வைப்பவர் ஒருவர் இருக்கிறார். பட்டறை அவருடைய இரண்டு கை அகலம்தான். காலி டேங்க் நிரம்பிய டேங்கைவிட ஆபத்தானது. திரவமாக இருக்கும் பெட்ரோல் எரியும். ஆவியும் காற்றும் கலந்த டேங்க் வெடிக்கும். அதனால் முதலில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பலமுறை அலசி, பிறகு பத்த வைக்க வேண்டிய இடம் மேலே வருமாறு சாய்த்துக் கழுத்து வரை தண்ணீர் நிரப்பினார். ஆவி தங்க இடமே கொடுக்காமல் நிரப்பிய பிறகுதான் அடுப்பில் காய்ந்த கனமான செப்பு முனை இரும்பை எடுத்தார். கேஸ் வெல்டிங் வைத்து டேங்கைத் தொடும் கடைகளும் அதே தெருவில் இருப்பதாகச் சொன்னார். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் பார்க்காமல் எதிர்ப் பக்கம் பார்த்தார்.

அதற்கு முன் உள்ளே இருந்த துருவை எடுக்கும் வேலை. கைப்பிடி அளவு சங்கிலித் துண்டுகளை உள்ளே போட்டு, இரண்டு பேர் டேங்கை மாற்றி மாற்றிக் குலுக்கினார்கள். அந்தச் சத்தத்தில் பேச முடியாது. துருத்தூள் கொட்டியதும் பாஸ்பாரிக் அமிலக் கரைசல் விட்டு ஊறவைத்து, கழுவி, உடனே சூடான காற்றை விட்டுக் காயவைத்தார்கள். அரை மணி தாமதித்தாலும் வெறும் இரும்பு மறுபடி சிவக்க ஆரம்பித்துவிடும்.

டேங்குக்குள் பூச்சு ஊற்றி அடைத்துவிடுகிற வழியும் ஒன்று உண்டு. பத்த வைப்பவர் அதற்கு எதிரி. முன்பு பூசிய பூச்சுகள் எத்தனால் பட்டுத் தோல் தோலாக உரிந்து குழாயை அடைப்பதை நிறையப் பார்த்துவிட்டாராம். "ஓட்டை இருக்கற எடத்துல பத்து வை. நல்லா இருக்கற எடத்தை எதுக்குத் தொடற?" மேஸ்திரிக்கும் அதே கருத்து. ஆனால் தாக்குப்பிடிக்கும் புதுவகைப் பூச்சுகளும் வந்திருக்கின்றன என்று மகள் திரும்பி வரும் வழியில் சொன்னார். அப்பாவின் காதில் விழாத குரலில்.

டேங்கை நிரப்பி நிறுத்துவதா, காலி செய்து நிறுத்துவதா? இந்தத் தொழிலில் இது சைவ வைணவச் சண்டை. நிரப்பி வைத்தால் காற்றுக்கு இடமில்லை, ஈரம் வராது, துருப்பிடிக்காது என்பது பழைய பாடம். எத்தனால் இல்லாத காலத்தில் அது சரியான பாடமும்கூட. காலியாக விட்டால் தகடு நேராக ஈரக்காற்றில் நிற்கும். இப்போது மேஸ்திரி செய்வது இரண்டுக்கும் நடுவில். ஒரு மாதம் இரண்டு மாதம் என்றால் புதுப் பெட்ரோலை மேல் வரை நிரப்பி, பிசினாவதைத் தள்ளிப்போடும் ஸ்டெபிலைசர் திரவம் ஊற்றி, அது கார்புரேட்டர் வரை போய்ச் சேரும்படி ஒரு ஓட்டம் ஓட்டி நிறுத்துகிறார். அந்தத் திரவம் கெடுவதைத் தாமதப்படுத்தும், கெட்டதைத் திருப்பாது, வந்து சேர்ந்த தண்ணீரையும் விரட்டாது. ஒரு மழைக்காலத்தைத் தாண்டுகிற நிறுத்தம் என்றால் முழுவதும் வடித்து, உள்ளே லேசாக ஆயில் படரவிட்டு, வாயை அடைத்துவிடுகிறார். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. பெட்ரோலே இல்லாத டேங்கில் கெடுவதற்குப் பெட்ரோல் கிடையாது. எரிவதற்கும் கிடையாது. அடுக்குமாடிக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் நாற்பது லிட்டர் பழைய பெட்ரோலை வருடக்கணக்கில் வைத்திருப்பது எனக்கு உவப்பாயில்லை.

எப்படி நிறுத்தினாலும் கார்புரேட்டர் காய்ந்திருக்க வேண்டும். இதற்காக ஒவ்வொரு வண்டியிலும் டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவில் ஒரு பித்தளைக் குழாய்த் திருகு வைத்துவிடுகிறார். அதை மூடிவிட்டு எஞ்சினை ஓடவிட்டால் கிண்ணத்தில் இருக்கும் கடைசிப் பெட்ரோல் வரை குடித்துவிட்டுத் தானாக நிற்கும். பிறகு கிண்ணத்தையும் கழற்றித் துடைத்துவிடுவார்கள்.

கடைசி வேலை வாய்களை அடைப்பது. இதை நான் எந்த ஆங்கிலக் கையேட்டிலும் இந்த விவரத்தோடு படித்ததில்லை. நம் ஊர்க் குளவிக்குப் பென்சில் பருமனில் ஒரு துளை கிடைத்தால் போதும், மண் கொண்டுவந்து கூடு கட்டிவிடும். மூச்சுக் குழாய், கிண்ணத்தின் காற்று வழி, கழற்றி விட்ட பெட்ரோல் குழாயின் முனை, எங்கே வேண்டுமானாலும். ஒரு வண்டி பத்து கிலோமீட்டர் ஓடியதும் நிற்கும், மூடியைத் திறந்தால் கிளம்பும், மறுபடி நிற்கும் என்று மாதக்கணக்கில் அலைக்கழித்ததாம். மூச்சுத் துளையில் குளவி மண். டேங்குக்குள் காற்று போக வழியில்லாமல் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோலை இழுத்துப் பிடித்திருக்கிறது. இப்போது ஒவ்வொரு முனையிலும் மெல்லிய கம்பி வலை கட்டுகிறார்கள். சைலன்சர் வாயில் எலிக்காகக் கொஞ்சம் தடித்த வலை. கட்டிய ஒவ்வொரு வலைக்கும் ஸ்டியரிங்கில் ஒரு சிவப்பு நாடா தொங்கும். எடுக்கும்போது நாடாவை எண்ணி அத்தனையும் அவிழ்த்தாயிற்றா என்று பார்க்க. மேலே தார்ப்பாய் போடக் கூடாது, அடியில் வியர்க்கும். பருத்தித் துணிதான்.

இரண்டு வாரத்தில் இங்கிலாந்திலிருந்து டயாப்ரமும், முனையில் ஃப்ளோரோ ரப்பர் வைத்த மிதவை நீடில்களும் வந்தன. சுங்க வரி சேர்ந்து விலை ஏறக்குறைய இரட்டிப்பு. திராட்டில் ஸ்பிண்டில் தேய்ந்து காற்று இழுத்ததற்கு லேத்காரர் ஒருவர் பித்தளையில் புஷ் கடைந்து கொடுத்தார். எத்தனால் தன்னோடு ஆக்சிஜனைக் கொண்டுவருகிறது. அதனால் பழைய அளவிலேயே விட்டால் கலவை வறண்டு எஞ்சின் சூடேறும். மேஸ்திரி ஜெட் நட்டை அடியிலிருந்து சில பட்டை இறக்கி, ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவில் மூச்சு இழுக்கிறதா என்று மாறி மாறிக் கேட்டார். அதற்கான மீட்டர் மகளிடம் இருக்கிறது. அவர் பிறகு வைத்துப் பார்த்தார். திருத்த ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் உரிமையாளரே ஓட்டினார். ஈ.சி.ஆர். வரை போய் வர அனுமதி. வெயில் ஏறித் திரும்பும்போது திருவான்மியூர் சிக்னலில் மிஸ் அடித்து நின்றது. எஞ்சின் சூட்டில் பம்ப்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி இழுக்க முடியாமல் போயிருந்தது. பின்னால் வண்டியில் வந்த பையன் இறங்கி, தண்ணீர் பாட்டிலால் நனைத்த துணியைப் பம்ப்பின் மேல் சுற்றினான். அம்பாசடர் காலத்து வைத்தியம். சில நிமிடத்தில் கிளம்பிவிட்டது. பம்ப்பில் சூடு படாமல் மறைக்க ஒரு தகடு வைத்தால் தீரும், ஷெட்டுக்கு வந்ததும் வைத்தார்கள்.

ஐம்பது ஆண்டு தாண்டிய வண்டிகளை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிந்துகொள்ள 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. எண் பலகையில் வி.ஏ. என்ற எழுத்து வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சி, பராமரிப்பு, பெட்ரோல் நிரப்புதல், கார் பேரணி போன்றவற்றுக்குத்தான் அப்படிப் பதிந்த வண்டியைச் சாலையில் எடுக்கலாம்; அன்றாடம் ஓட்ட முடியாது. உரிமையாளர் பதிந்துகொள்ளலாமா என்று யோசிக்கிறார். பதிந்தால் வண்டி இன்னும் அதிகமாக நிற்கும். மேஸ்திரி அதில் கருத்துச் சொல்லவில்லை. வேலை அவருக்கு இரண்டு வகையிலும் உண்டு.

ஊருக்குக் கிளம்புகிற அன்று உரிமையாளர் ஷெட்டுக்கு வந்தார். ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது. பில்லில் ஓஸ், டயாப்ரம், டேங்க் எல்லாவற்றுக்கும் கீழே 'வண்டி நிறுத்தம், லேபர்' என்று மகள் ஒரு வரி போட்டிருந்தார். அதில் விரலை வைத்து ஏதோ கேட்க வந்தவர் கேட்காமல் பணத்தைக் கட்டினார். வண்டி இந்த முறை ஷெட்டின் பின்கட்டிலேயே நிற்கும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அங்கே முழங்கால் உயரத்துக்கு மேடை கட்டியிருக்கிறார்கள்.

"அடிக்கடி இல்லாட்டியும் வாரம் ஒரு தடவையாவது ஸ்டார்ட் பண்ணி வைங்க மேஸ்திரி. மனசு கேக்கல" என்றார் போகும்போது.

"நான் பாத்துக்கறேன் சார். நீங்க நல்லபடியா போயிட்டு வாங்க."

டாக்ஸி சந்து முனை திரும்பியதும் மேஸ்திரி பையனைக் கூப்பிட்டு, திருகை மூடிக் கிண்ணம் காயும்வரை ஓடவிடச் சொன்னார். டேங்கை அடுத்த நாள் வடித்துக்கொள்ளலாம், பேட்டரியை மட்டும் இப்போதே கழற்றி மகளின் மேசைக்கு அடியில் வைத்துவிடு என்றார்.